சாக்சனி முடியரசின் எழுச்சியும் வீழ்ச்சியும்

(கட்சிக் கல்வி வகுப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜெர்மானிய முடியரசுகள் என்றவுடன் பிரஷ்யாவே முதலில் நினைவுக்கு வரும். பிஸ்மார்க்கும் கெய்சரும் அங்கிருந்து வந்தவர்கள். ஆயினும் தொழிலாளி வர்க்க இயக்கத்தின் வரலாற்றைப் பயில்வோர் பிரஷ்யாவுக்குத் தெற்கே இருந்த சாக்சனியைக் கடந்து செல்ல இயலாது. லஸ்ஸால் தலைமையில் அனைத்து ஜெர்மன் தொழிலாளர் சங்கம் 1863 மே மாதம் தோன்றியது அங்குள்ள லைப்ஸிக் நகரில். ஆகஸ்ட் பெபல் 1867இல் முதன்முதலாக நாடாளுமன்றத்திற்குத் தேர்வானது சாக்சனியின் நெசவாளர் தொகுதியிலிருந்து. கிளாரா ஜெட்கினும் கார்ல் லீப்னெக்டும் அம்மண்ணில் பிறந்தவர்கள். லெனினின் ‘இஸ்க்ரா’ முதல் இதழ் 1900 டிசம்பரில் அச்சேறியதும் லைப்ஸிக்கில்தான். இத்தனைக்கும் களமாக இருந்த அந்த முடியரசின் ஆயுள் 112 ஆண்டுகள்கூட நிறையவில்லை.

அதனை ஆண்ட வெட்டின் குலம் மட்டும் மிகப் பழையது. 1089இல் மைசன் எல்லைப்புற ஆட்சியை அக்குலம் பெற்றது. 1168 அளவில் ஃப்ரைபர்க் அருகே வெள்ளி கண்டெடுக்கப்பட்டது. அந்த வெள்ளிச் சுரங்கங்களின் உழைப்பே அரண்மனைகளாகவும் படைகளாகவும் மாறிற்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சிக்கு வந்த ‘பலசாலி’ அகஸ்டஸ் போலந்தின் மணிமுடிக்கு ஆசைப்பட்டான். அதற்காக 1697இல் கத்தோலிக்கனாக மதம் மாறினான். குடிமக்களோ லூதரின் வழி நின்றவர்கள். மார்ட்டின் லூதருக்குப் புகலிடம் தந்த குலத்தின் வாரிசு, ஒரு கிரீடத்திற்காக அந்த மதத்தையே கைவிட்டான் என்பதை மதமும் அரசும் பற்றிப் பேசும்போது நினைவிற் கொள்ளலாம்.

அந்த மன்னனைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1717இல் அவன் தன் குதிரைப்படை வீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னனுக்குக் கொடுத்து, பதிலாக 151 சீனப் பீங்கான் கலங்களைப் பெற்றுக்கொண்டான். உழவர், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள் பூச்சாடிகளுக்குப் பண்டமாற்றாகச் சென்றனர். ‘டிரகூன் சாடிகள்’ என்று பெயர் பெற்ற அப்பீங்கான்களை டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். தமிழ் கற்றோர் கவனிக்கத்தக்கது: தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவித் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு, இதே அகஸ்டஸின் நாட்டிலுள்ள புல்ஸ்னிட்ஸ் ஊரினர்.

அதுவரை தேர்வுரிமைக் கோமகனாட்சியாக இருந்த சாக்சனியை முடியரசாக்கியவன் நெப்போலியன். 1806இல் பிரஷ்யாவின் பக்கம் நின்று போரிட்டுத் தோற்ற சாக்சனி, சில வாரங்களுக்குள் வெற்றி பெற்றவனோடு சேர்ந்துகொண்டு அரசர் பட்டத்தைக் கூலியாகப் பெற்றது. 1812இல் நெப்போலியனோடு ருஷ்யாவுக்குச் சென்ற சாக்சனியப் படையினரில் மிகச் சிலரே திரும்பினர். 1813 அக்டோபரில் லைப்ஸிக் போர் நடந்துகொண்டிருந்தபோதே சாக்சனியப் படைப்பிரிவுகள் எதிரணிக்கு மாறின. மன்னன் மட்டும் மாறத் தாமதித்தான், சிறைப்பட்டான். 1815 வியன்னா மாநாட்டில் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலப்பரப்பைப் பிரஷ்யா எடுத்துக்கொண்டது.

நிலம் சுருங்கிய அந்த நாட்டில்தான் தொழில் பெருகியது. எர்ட்ஸ்கபிர்க மலைச்சரிவுகளில் நிலம் வளமற்றது. சுரங்கம் வற்றிய ஊர்களில் நெசவும் பின்னலும் வீட்டுத் தொழிலாக ஏற்கெனவே பரவியிருந்தன. வணிகர்களுக்குக் கடன்பட்ட வீட்டு நெசவாளர்கள் ஆலைத் தொழிலாளர் ஆயினர். கெம்னிட்ஸ் நகரை ‘சாக்சனியின் மான்செஸ்டர்’ என்றழைத்தனர். 1839இல் லைப்ஸிக்கையும் டிரெஸ்டனையும் இணைத்து ஜெர்மனியின் முதல் நெடுந்தூர ரயில் பாதை ஓடியது. 1815இல் ஏறத்தாழ 12 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1910இல் 48 லட்சமாயிற்று.

அரசியல் அமைப்போ இதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1849 மே மாதம் டிரெஸ்டனில் மக்கள் எழுந்தனர். மன்னன் கோனிக்ஸ்டைன் கோட்டைக்கு ஓடினான். தடுப்பரண்களுக்கு வடிவம் தந்தவர் கட்டடக் கலைஞர் செம்பர். அரசவை இசையமைப்பாளர் வாக்னரும் கிளர்ச்சியாளர்களோடு நின்றார். பக்கூனினின் படைத்தலைமையை எங்கெல்ஸே பாராட்டி எழுதியிருக்கிறார் என்பது பிற்காலச் சச்சரவுகளை மட்டும் அறிந்தோருக்கு வியப்பளிக்கக்கூடும். இறுதி நாட்களில் தலைமை ஏற்றவர் ஸ்டெஃபான் போர்ன் என்ற அச்சுக்கோப்புத் தொழிலாளி. நான்கு நாள் தெருச் சண்டைக்குப் பின் எழுச்சி நசுக்கப்பட்டது. நசுக்கியது மன்னனின் படை மட்டுமன்று, அவன் அழைத்த பிரஷ்யப் படையும்தான். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் நாட்டைப் பிய்த்தெடுத்தவனிடமே அரியணையைக் காக்கும்படி மன்னன் வேண்டினான். 1866இல் ஆஸ்திரியாவின் பக்கம் நின்று தோற்றபின், அதே பிரஷ்யாவின் தலைமையிலான கூட்டமைப்பில் அடங்கி வாழ்வது சாக்சனி அரசின் விதியாயிற்று.

தொழிலாளர் இயக்கம் இங்கேதான் ஆழ வேரூன்றியது. 1872இல் லைப்ஸிக் நீதிமன்றம் பெபலுக்கும் வில்ஹெல்ம் லீப்னெக்டுக்கும் தேசத்துரோகக் குற்றம் சாட்டி ஈராண்டுக் கோட்டைச் சிறை விதித்தது. சிறை அவர்களுக்குப் படிப்பகமாயிற்று. சோஷலிஸ்ட் எதிர்ப்புச் சட்டம் 1890இல் காலாவதியானபின் மாநிலச் சட்டமன்றத்தில் சோஷல் டெமாக்ரடிக் கட்சி 14 இடங்கள் வரை பெற்றது. ஆளும் வர்க்கம் அஞ்சியது. 1896இல், வரி செலுத்தும் அளவின்படி வாக்காளரை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கும் தேர்தல் முறை கொண்டுவரப்பட்டது. செல்வர் சிலரின் வாக்கும் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் வாக்கும் சம எடை பெற்றன. சில ஆண்டுகளில் சட்டமன்றத்தில் ஒரு சோஷல் டெமாக்ரட்கூட இல்லை. ஆனால் அகில ஜெர்மன் நாடாளுமன்றத்திற்கு ஆண்கள் அனைவருக்கும் சம வாக்கு இருந்தது. 1903 தேர்தலில் சாக்சனியின் 23 தொகுதிகளில் 22 சோஷல் டெமாக்ரடிக் கட்சிக்குக் கிடைத்தன. ஒரே மக்கள், ஒரே ஆண்டு: ஓர் அவையில் 22 பேர், மற்றோர் அவையில் ஒருவருமில்லை. ‘சிவப்பு சாக்சனி’ என்ற பெயர் அப்போது நிலைத்தது.

அதே 1903 ஆகஸ்டில் கிரிமிட்ஷாவ் என்ற சிறு ஆலை நகரில் நெசவாலைத் தொழிலாளர் பத்து மணி நேர வேலை கோரினர். முதலாளிகள் கதவடைத்தனர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் பெருந்தொகையான பெண்கள், ஐந்து மாதம் தாக்குப்பிடித்தனர். ஜெர்மனி முழுவதிலுமிருந்து தொழிலாளர் நிதி அனுப்பினர். அரசு கூட்டங்களைத் தடை செய்தது, காவலரைக் குவித்தது. முதலாளிகளும் நாடெங்குமிருந்து நிதி திரட்டினர். 1904 ஜனவரியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. தொழிற்சங்கங்கள் பெற்ற படிப்பினையை விட முதலாளிகள் பெற்ற படிப்பினை வேகமாகச் செயலாயிற்று: அதே ஆண்டில் நாடளாவிய முதலாளிகள் சங்கங்கள் உருவாயின. பெண் தொழிலாளருக்குப் பத்து மணி நேர வேலை நாள் சட்டமானது 1908இல்.

போர் வந்தது. கட்சித் தலைமை போர்க் கடன்களுக்கு வாக்களித்தது. ரொட்டிப் பங்கீடு குறைக்கப்பட்ட 1917 ஏப்ரலில் லைப்ஸிக் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, ரொட்டியோடு சமாதானத்தையும் வாக்குரிமையையும் கோரினர். 1918 நவம்பர் 10 அன்று டிரெஸ்டனில் சர்க்கஸ் சரசானியின் கட்டடத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் குடியரசு அறிவிக்கப்பட்டது. மூன்று நாட்களுக்குப் பின் மூன்றாம் ஃப்ரீட்ரிக் அகஸ்ட் முடிதுறந்தான். ‘உங்கள் குப்பையை நீங்களே அள்ளுங்கள்’ என்னும் பொருள்படச் சொல்லிச் சென்றான் என்பது மக்களிடையே வழங்கும் கதை.

1923 அக்டோபரில் அங்கு இடது சோஷல் டெமாக்ரட்டான ஸைக்னரின் அமைச்சரவையில் கம்யூனிஸ்டுகள் சேர்ந்தனர். மூன்று வாரம்கூட ஆகவில்லை; பெர்லின் அரசு படையை அனுப்பி அமைச்சரவையை நீக்கியது. அப்போது குடியரசுத் தலைவர் சோஷல் டெமாக்ரட்டான எபர்ட். அதே வாரங்களில் பவேரியாவின் வலதுசாரி அரசு பெர்லினை வெளிப்படையாக மீறிக்கொண்டிருந்தது. அங்கே படை செல்லவில்லை.

முடி போனாலும் சொத்து போகவில்லை. மோரிட்ஸ்பர்க் அரண்மனை உள்ளிட்டவற்றை 1920களின் ஒப்பந்தத்தில் வெட்டின் குடும்பம் பெற்றது. மன்னர்களின் சொத்தை இழப்பீடின்றிப் பறிமுதல் செய்யக் கோரிய 1926 பொதுவாக்கெடுப்பில் சுமார் 1 கோடி 45 லட்சம் பேர் ஆதரித்தும் தேவையான அளவு கிட்டவில்லை. 1945இன் நிலச் சீர்திருத்தத்தில்தான் அப்பண்ணைகள் பறிக்கப்பட்டு உழவரிடையே பகிரப்பட்டன. அதற்கு முன் இளவரசர் ஒருவர் நாற்பது பெட்டி அளவு குடும்பப் பொருட்களை மோரிட்ஸ்பர்க் காட்டில் புதைத்து வைத்திருந்தார். அவற்றில் எஞ்சியிருந்த சிலவற்றை 1996இல் புதையல் தேடுவோர் தோண்டியெடுத்தனர். ஜெர்மனி ஒன்றிணைந்தபின் வெட்டின் குடும்பத்தார் டிரெஸ்டன் அருங்காட்சியகங்களின் பீங்கான்களையும் கேட்டு வந்தனர்; மாநில அரசு அவர்களோடு உடன்பாடு செய்து பொருளும் பணமும் வழங்கியது.