நீரும் மின்சாரமும் உணவும் ஒரே கணக்கு



ஒரு குடும்பத்தில் தகப்பன் ஒரு பேரேடும், மூத்தவன் ஒரு பேரேடும், இளையவன் ஒரு பேரேடும் தனித்தனியே எழுதிக்கொண்டு, மூவரும் ஒரே பெட்டியிலிருந்து பணம் எடுப்பார்களாயின், அக்குடும்பம் எத்தனை நாள் நிலைக்கும்? திண்டுக்கல் சமவெளியில் நிலத்தடி நீரின் நிலைமை இத்தகையதே. நீர் ஓர் இலாகாவின் பொறுப்பு. மின்சாரம் வேறொன்றின் பொறுப்பு. பயிர் மற்றொன்றின் பொறுப்பு. தொழிற்சாலைக் கழிவு இன்னொன்றின் பொறுப்பு. ஆனால் இவையனைத்தும் கைவைக்கும் பெட்டி குடியானவனுடைய கிணறு ஒன்றேயாகும்.

முதலில் வரவுப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். மதுரை ஜில்லாவிலிருந்து 1985-ம் ஆண்டில் பிரிந்த இந்த ஜில்லாவில் வருஷ மழை ஏறக்குறைய 32 அங்குலம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிற்குமாயின் அது சுமார் 1 லட்சம் லிட்டராகும். ஆகவே ஓர் ஏக்கர் நிலம் வானத்திலிருந்து பெறும் வரவு வருஷத்துக்கு 32 லட்சம் லிட்டர். இங்கே பூமிக்கடியில் இருப்பது கடினமான பாறை. அதன் சிதைந்த மேற்பகுதியிலும் வெடிப்புக்களிலும் மட்டுமே நீர் தங்கும். எனவே பெய்ததில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 லட்சம் லிட்டர், கீழே இறங்கினாலே அது நல்ல வரவென்று கொள்ளவேண்டும்.

இனிச் செலவுப் பக்கம். ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறக்குறைய 48 அங்குலம் நீர் வேண்டும். கேழ்வரகுக்கு 14 அங்குலம் போதும். வயலிலேயே பெய்யும் மழையையும், திரும்பக் கசிந்து இறங்கும் நீரையும் கழித்தாலும், கிணற்றை நம்பி நடப்படும் ஓர் ஏக்கர் நெல் பல ஏக்கர்களின் வரவை உண்டுவிடுகிறது. அந்தப் பல ஏக்கர்கள் பெரும்பாலும் அடுத்த வீட்டானுடையவை என்பதை மறத்தலாகாது.

முற்காலத்தில் இச்செலவுக்கு இயற்கையான தடை ஒன்று இருந்தது. கவலை இறைத்த மாடு களைத்துப்போயிற்று. அதனால் கிணறு இளைப்பாறிற்று. பைக்காரா மின்நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கியதற்குப் பின் மின்சாரம் படிப்படியாகக் கிராமங்களை அடைந்து, மாட்டுக்கும் மனிதனுக்கும் பெரும் விடுதலை அளித்தது. 1990 முதல் தமிழ்நாட்டு விவசாயிகள் அனைவருக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. விலை வீழ்ச்சியாலும் மழைப் பொய்ப்பாலும் நலிந்த குடியானவனுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும், மோட்டார் களைப்பதில்லை, கட்டணம் தடுப்பதுமில்லை. ஆகவே கிணற்றின் அடித்தரையே எல்லையாயிற்று. பிறகு ஆழ்துளை வந்து அந்த எல்லையையும் கடந்தது.

ஆழம் கூடுவதால் விளையும் செலவைக் கணக்கிடுவது கடினமன்று. பம்பும் மோட்டாரும் சேர்ந்து நூற்றுக்கு 40 பங்கு திறனுடன் வேலை செய்வதாகக் கொண்டால், 33 அடி ஆழத்திலிருந்து ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் நீர் ஏற்ற சுமார் 7 யூனிட் மின்சாரம் வேண்டும். 330 அடியிலிருந்து ஏற்றவோ 70 யூனிட் வேண்டும். அந்த ஆழத்திலிருந்து 48 அங்குலமும் இறைத்தே நெல் விளைவித்தால் 3,360 யூனிட் செலவாகும். கேழ்வரகாயின் 980 யூனிட். குடியானவனுக்குக் கட்டணமில்லை என்பதனால் இச்செலவு இல்லாமற் போவதில்லை. சர்க்கார் கஜானா அதைத் தாங்குகிறது. துளைபோடும் செலவை மட்டும் குடியானவனே தாங்குகிறான். 300 அடியில் நீர் காணாதவன் கடன் வாங்கி 600 அடி துளைக்கிறான். அங்கும் பாறையே கிடைத்தால், நீர் வராத குழிக்கு வட்டி மட்டும் தவறாமல் வருகிறது.

நீரின் அளவு குறைவதோடு அதன் குணமும் கெடுவது மற்றொரு துன்பம். திண்டுக்கல்லில் தோல் பதனிடுவது நெடுங்காலமாக நடைபெறும் தொழில். அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் தோலைக் காக்கச் சேர்க்கும் உப்பும், பதனிடும் குரோமியமும் கழிவுநீரோடு மண்ணில் இறங்கி, அயலிலுள்ள கிணறுகளைக் கெடுத்தன. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பில், திண்டுக்கல் அண்ணா ஜில்லா உட்பட ஐந்து ஜில்லாக்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நியாயம் அதில் நிலைநாட்டப்பட்டது. எனினும் கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பு நீக்காது. நீர் குறையக் குறைய உப்பின் செறிவும் மிகும். ஆதலின் இறைப்பைக் குறைப்பதும் கழிவைத் தடுப்பதும் இருவேறு காரியங்கள் அல்ல.

இவ்வளவையும் ஒன்றாகவே நோக்கவேண்டும் என்று 2011 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய சர்வதேச மகாநாடு ஆராய்ந்தது. மகாநாட்டுக்குச் செல்லாத கிராமங்களும் இதைச் செய்து காட்டியுள்ளன. மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் கிராமத்தார் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டுவதில்லை என்று தாங்களே விதித்துக்கொண்டு, வருஷந்தோறும் மழையை அளந்து அதற்கேற்பப் பயிரைத் தீர்மானிக்கின்றனர். குஜராத்தில் துண்டி கிராமத்து விவசாயிகள் சூரிய சக்தி பம்புகளுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, இறைத்தது போக எஞ்சிய மின்சாரத்தை 2016 முதல் மின்சாரக் கம்பெனிக்கு விற்றனர். வீணாக இறைத்தால் வருமானம் குறையுமாதலால் சிக்கனமே லாபமாயிற்று. இவ்வித ஏற்பாடின்றிச் சூரிய பம்பு மட்டும் வந்தால், பகல் முழுதும் செலவின்றி ஓடி, மிச்ச நீரையும் அதுவே தீர்த்துவிடும்.

திண்டுக்கல் சமவெளிக் கிராமங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் சில கிணறுகளைக் குறித்து, மாதந்தோறும் நீர்மட்டத்தை அளந்து, சங்கக் கட்டடத்துச் சுவரில் எழுதுதல் முதற்படி. கார்த்திகைக்குப் பின் அம்மட்டத்தைக் கண்டு கோடைப் பயிரைக் கூடித் தீர்மானித்தல் இரண்டாவது. ஒட்டன்சத்திரம் காய்கறிக்கும் நிலக்கோட்டைப் பூவுக்கும் சொட்டுநீர் போதுமாதலின், சங்கக் கடனில் ஆழ்துளைக்கு முன்பாகச் சொட்டுநீர்க் குழாய்க்கு இடமளித்தல் மூன்றாவது. கண்மாய்களின் வண்டலையும் சீமைக் கருவேலையும் அகற்றி, வரத்துக் கால்வாய்களைத் திறத்தல் நான்காவது. 1858-ம் ஆண்டுச் சட்டமே வற்புறுத்திய இக்குடிமராமத்தைச் சர்க்கார் 2017-ல் அதே பெயரால் புதுப்பித்தது. நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆத்தூர்க் காமராஜர் சாகருக்கு மேலேயுள்ள மலைச்சரிவின் காட்டைக் காத்தல் ஐந்தாவது. அங்கே மரம் அழிந்தால் மண்ணும் நீரோடு இறங்கி அணையில் தங்கும்.

இந்தியக் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்த 1904-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் திரூர்ச் சங்கம் தோன்றிற்று. ஒருவன் வாங்கும் கடனுக்கு ஊரார் பொறுப்பேற்பது என்னும் கொள்கை அன்று பலருக்கும் புதுமையாக இருந்தது. பணத்தில் கைகூடிய அப்பொறுப்பு நீரில் கைகூடாதிருக்கக் காரணமில்லை. முதலைத் தின்னாமல் வட்டியைக் கொண்டு வாழ்வது குடும்பத்துக்குப் பெருமையாயின், மழை தரும் அளவுக்குள் விளைவித்து வாழ்வது கிராமத்துக்கும் பெருமையேயாம். வருகிற ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் ஊர்க் கிணற்றுக்கு ஒரு பேரேடு திறக்குமாக.