கோணான்குப்பத்துப் பெரியநாயகி

சிதம்பரத்தில் என்னோடு படித்த நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சகோதரிகளே!

கடலூர் மாவட்டத்தில் பார்க்க வேண்டிய பழைய மாதா கோயில்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கொடுத்திருக்கிற பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கோணான்குப்பம்.

தேம்பாவணி மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாட்டு என்று பரீட்சைக்கு நெட்டுருப் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? பாடியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார். 1710இல் இந்தியா வந்தார். அந்தக் காப்பியத்தை எந்த ஊரில் இருந்து எழுதினார் என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. விருத்தாசலத்துக்கு அப்பால், முகாசாபரூருக்குப் பக்கத்தில் இருக்கும் கோணான்குப்பத்தில்தான் என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

கோயில் வந்த கதையையும் அவர்களே சொல்வார்கள். முனிவர் மரத்தடியில் களைப்பாறியபோது, மாடு மேய்க்கும் பிள்ளைகள் அவர் வைத்திருந்த மாதா சொரூபத்தை விளையாட்டாகப் புதரில் ஒளித்துவிட்டார்களாம். பிள்ளையில்லாத முகாசாபரூர் கச்சிராயர் கனவில் ஒரு அம்மா வந்து, ‘எனக்குக் கோயில் கட்டு’ என்றாளாம். கட்டினார், பிள்ளையும் பிறந்ததாம். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பெயர்தான். விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்பாளும் பெரியநாயகி, இந்த மாதாவும் பெரியநாயகி! சேலை கட்டி, கையில் குழந்தையோடு நம்ம ஊர்த் தாயாகவே நிற்கிறாள்.

விடுதியில் என் அறைத் தோழனின் தாயார் பெயரும் பெரியநாயகிதான். ‘டேய், நீ மாதா கோயிலா, சிவன் கோயிலா?’ என்று கேலி செய்வோம். ‘ஜனவரியில் திருவிழாவுக்கு வா, அம்மாவையே கேள்’ என்பான். மூன்று வருஷம் கூப்பிட்டான். விருத்தாசலம் என்ன, சீமையா? பஸ் ஏறினால் போய்விடலாம். பரீட்சை, சினிமா, சோம்பல் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நான் போகவேயில்லை.

போன வருஷம் அவன் காலமானான். காரியத்துக்குப் போனபோதுதான் முதன்முதலாக அந்தக் கோயில் வாசலை மிதித்தேன். அவன் தாயாருக்குத் தொண்ணூறு வயசு. என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அப்பவே வருவேன்னு அவன் சொல்லிக்கிட்டே இருந்தானே தம்பி’ என்றார்கள். எனக்குப் பேச்சு எழவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்கு இந்த வாசலிலிருந்து ஒரு வேன் புறப்படுகிறது. வாடகை என் பொறுப்பு. அந்த அம்மாவிடம் நாம் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். பதினான்கு பேர் உட்காரலாம். வருகிறவர்கள் இன்று ராத்திரியே பெயர் கொடுத்துவிடுங்கள்.