பாய்லர் ஏன் திருப்பிப் புகையுது?

இந்த எபிசோடுல கோடிங் கிடையாது. ஆனா டீபக்கிங் உண்டு.

போன தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்துல ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். குலசைன்னா உங்களுக்கு முத்தாரம்மன் கோயில் ஞாபகம் வரும். இல்லைன்னா 2024 பிப்ரவரியில அடிக்கல் நாட்டின இஸ்ரோ ராக்கெட் ஏவுதளம். எனக்கு ஆச்சி வீட்டு செம்புப் பாய்லர்தான். நடுவுல புகைக்குழாய், சுத்தித் தண்ணி, அடியில கம்பித்தட்டு. சிரட்டையும் பனைமட்டையும் போட்டா வெந்நீர் ரெடி.

அன்னிக்கு விடியக்காலை குளிச்சிட்டு வந்த அத்தை, "தலை சுத்துதுடா"ன்னு திண்ணையில உக்காந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க. விரதம் இருக்காங்க, அதான்னு எல்லாரும் சொன்னாங்க. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்ச பிறகுதான் தெளிஞ்சாங்க. காரணம் விரதம் இல்ல, கார்பன் மோனாக்சைடு. நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட இதை 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். நிறம் இல்ல, வாசனையும் இல்ல.

அந்த பாய்லர் பாத்ரூம் மூலையிலதான் இருக்கு. சில நாள் திருப்பிப் புகையும், சில நாள் சும்மா இருக்கும். இந்த மாதிரி விட்டு விட்டு வர்ற பக் தான் ரொம்பப் படுத்தும். மாமாகிட்ட முதல் கேள்வி கேட்டேன்: "சமீபத்துல என்ன மாத்துனீங்க?" "ஒண்ணும் மாத்தலையே மக்கா!" எல்லா டெவலப்பரும் சொல்ற அதே பதில்.

முதல்ல சுலபமானதைப் பாத்தோம். குழாய்க்குள்ள கம்பி விட்டுக் கரியைத் தட்டினோம், கூடவே ஒரு பழைய குளவிக்கூடும் விழுந்துச்சு. கம்பித்தட்டுக்குக் கீழ அடைச்சிருந்த சாம்பலையும் அள்ளினோம். ஈரமான மட்டையை ஒதுக்கிட்டோம். அப்பவும் புகை நிக்கல.

அப்புறம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாய்ப்பக்கம் பிடிச்சேன். புகை உள்ளே போகணும். போச்சு. அத்தை குளிக்கும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் போட்டேன். ஊதுபத்திப் புகை என் முகத்துக்கே திரும்பி வந்துச்சு!

புகையை வெளியேத்தத்தான் மாமா அந்த ஃபேனை மாட்டியிருக்காரு. ஆனா அடைச்ச ரூம்ல ஃபேன் வெளியே தள்ற காத்துக்குப் பதிலா வேற காத்து உள்ளே வரணும்ல? இருந்த ஒரே வழி புகைக்குழாய். அது வழியா இறங்கி வந்துச்சு.

ரெண்டாவது காரணம் மாடியில. சூடான காத்து லேசு, அதனால மேல ஏறுது. ஆனா 2 மீட்டர் குழாய், உள்ளே 150 டிகிரி, வெளியே 30 டிகிரின்னா கிடைக்கிற இழுப்பு வெறும் 6 பாஸ்கல் சொச்சம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்துல வர்ற காத்து ஒரு சுவத்துல மோதினாலே 10 பாஸ்கல் வந்துரும். குழாய்க்குக் கிழக்கே மாமா புதுசா ஒரு மாடி ரூம் கட்டியிருந்தாரு. காலையில மேல்காத்து அதுல மோதி, அந்த அழுத்தம் குழாய் வாயை அமுக்குது. காத்து இல்லாத நாள்ல பிரச்சினையும் இல்ல. பக் விட்டு விட்டு வந்தது இதனாலதான்.

இதுல பயங்கரமானது கடைசிக் கட்டம். தீ அணைஞ்சு கங்கு மட்டும் கிடக்கும்போது புகை தெரியாது. ஆனா கங்கு கார்பன் மோனாக்சைடை விட்டுக்கிட்டே இருக்கும். குழாய் ஆறி 60 டிகிரிக்கு வந்தா இழுப்பு 2 பாஸ்கல்தான். அத்தை குளிச்சது அந்த நேரத்துல. ஆச்சி சரியாச் சொன்னாங்க: "ஏல, புகைஞ்சா கதவைத் திறப்போம். கங்குக்கு யாரு திறப்பா?"

குழாயை உசத்தலாம். 10 அடி சுத்துவட்டத்துல இருக்கிற எதை விடவும் 2 அடி மேல குழாய் வாய் நிக்கணும்ங்கிறது அமெரிக்காவுல பின்பற்றுற கணக்கு. நாங்க அதை விடச் சுலபமானதைச் செஞ்சோம். பாய்லரைப் புறவாசல்ல தகரச் சாய்ப்புக்குக் கீழ வெச்சு, வெந்நீரை வாளியில தூக்குறோம். மாமாவுக்கு இன்னும் முணுமுணுப்புதான்.

உங்க ஃபிளாட்டுல பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருக்கா? கதை அதேதான். அதை வெளியே மாத்துங்க. மாத்துற வரைக்கும் வாளியில தண்ணி பிடிச்சு, கீசரை அணைச்சு, ஜன்னலைத் திறந்துட்டுக் குளிங்க. குளிக்கும்போது தலை சுத்தினா முதல்ல வெளியே வாங்க. காரணத்தை அப்புறம் தேடலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.