பியானோப் பயிற்சியும் நம் இல்லங்களும்
(சூளூர்பேட்டைத் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தபோது, வீணையைப் பற்றியோ தேவாரப் பண்களைப் பற்றியோ பேசுவோம் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். நாம் எடுத்துக்கொண்ட பொருள் பியானோ. காரணம் எளிது. மாலையில் நம் காலனித் தெருக்களில் உலவுவோர் செவியில் இன்று மிகுதியாக விழுவது வீணையின் நாதம் அன்று, கீபோர்டின் ஒலியே. 2019ஆம் ஆண்டில், 13 வயதுச் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பியானோ வாசித்துப் பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றதைக் கண்ட பெற்றோர் பலர்க்கு இவ்வாசை மூண்டது. ஆசை நல்லதே. ஆயினும் அதனுடன் ஐயமும் எழுகிறது: வேற்று மொழி நாட்டில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தையே அரும்பாடுபட்டுக் கற்பிக்கும் நாம், இசையிலும் அயலாருடையதைத்தான் கொடுக்க வேண்டுமா? இச்சங்கத்தின் மூத்தோர் கேட்கும் இக்கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று.

இதற்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நாம் சென்னை செல்லும் வழியில், நகரின் வடபால் உள்ள மணலிக்குச் சென்றாலே போதும். மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில்தான் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அவருடைய தமையனார் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ 40 உருப்படிகள் நோட்டுஸ்வரம் என்ற பெயரில் இன்றும் குழந்தைகளால் பாடப்பெறுகின்றன. வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரியை இன்று எண்ணிப் பார்க்க முடியுமா? இன்னொன்றும் சொல்வோம். தியாகராசரின் தெலுங்குக் கீர்த்தனங்களைத் தம் உடைமையாகவே கருதிப் பாடியவர்கள் அன்றோ நம் பாட்டிமார்!

ஆயினும் வயலினுக்கு வாய்த்தது பியானோவுக்கு வாய்க்கவில்லை. வயலினில் விரல் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லலாம்; ஆகவே கமகம் பிறக்கிறது. பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே ஒலிநிலைதான். 52 வெள்ளைக் கட்டைகள், 36 கறுப்புக் கட்டைகள், ஆக 88. இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட நுண்ணொலி அங்கே இல்லை. ஆர்மோனியத்துக்கும் இதே குறை உண்டு. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மாயாமாளவகௌளையின் ஏழு சுரங்களையும் பியானோவில் தட்டிக் காட்டலாம். சங்கராபரணத்தின் சுரங்களோ வெள்ளைக் கட்டைகளிலேயே வரிசையாய்க் கிடக்கின்றன. தோடியைத் தோடியாக வாசிப்பதுதான் அரிது. எனவே, பியானோ கற்பதால் வாய்ப்பாட்டு வேண்டியதில்லை என்று எண்ணற்க. வாயால் பாடி வளர்ந்த செவி, கட்டையின்முன் அமரும்போது இருமடங்கு பயன் தரும். இரண்டையும் கற்க நேரமில்லை எனில், முதலில் பாட்டுக்கே இடம் தருக என்பது எம் கருத்து. இதனை ஒப்பாதவர்களும் அவையில் இருப்பீர்கள்.

அப்படியாயின் பியானோவால் வரும் தனிப் பேறு யாது? ஏறத்தாழ 1700இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக் கிறிஸ்டோபோரி இக்கருவியை அமைத்தார். அதற்கு முன்னிருந்த கட்டை வாத்தியத்தில் தந்தி மீட்டப்பட்டது. விரல் எவ்வாறு அழுத்தினும் ஒலியின் வலிவு பெரிதும் மாறாது. இவர் தந்தியைச் சிறு சுத்தியால் அடிக்கச் செய்தார். மெல்லத் தொட்டால் மெல்லொலி, ஓங்கித் தொட்டால் வல்லொலி. இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்ய, கண் இரண்டு வரிசைக் குறியீடுகளை ஒருங்கே படிக்க, செவி அனைத்தையும் மேற்பார்க்கும் பயிற்சி இதில் கிடைப்பதுபோல் வேறெதிலும் எளிதில் கிடைப்பதில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். நம் ஊர் 2022இல் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிற்று. சென்னை மட்டும் இருந்த இடத்திலேயே, ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் இருக்கிறது! 1842இல் மிஸ்க்வித் தொடங்கிய இசைக்கடையின் வழிவந்த மியூசி மியூசிகல் அண்ணா சாலையில் உள்ளது. 2008இல் ஏ. ஆர். ரகுமான் நிறுவிய கே. எம். இசைக் கல்லூரியும் அந்நகரிலேயே. மின்ரயிலில் தடா, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி என நிலையம் நிலையமாக நின்று சென்று, அரைமணிப் பாடம் கேட்டுத் திரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போயிற்று. 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்குக்குப் பின் கைப்பேசி வழிப் பாடம் பெருகியது. பயன் உண்டு, குறையும் உண்டு. ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசித்தல் இயலாது. கைப்பேசியை முகத்துக்கு நேரே வைக்காமல், பக்கவாட்டில், விரலும் மணிக்கட்டும் தெரியுமாறு வைத்தல் வேண்டும். மாதம் ஒருமுறையேனும் நேரிற் சென்று காட்டுதல் நலம்.

கருவியைப் பற்றிப் பலர் எம்மைக் கேட்பதுண்டு. உண்மையான பியானோவில் ஏறத்தாழ 230 எஃகுத் தந்திகள். அவற்றின் மொத்த இழுவிசை பல டன். பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று தந்தியைத் துருவேற்றும். ஈரத்தால் மரப்பலகை உப்பும். ஆண்டுக்கு இருமுறையேனும் சுருதி கூட்ட ஆள் வரவேண்டும். ஆதலால் நம் காலனி வீடுகளுக்கு மின் பியானோவே தகும். வாங்கும்போது கட்டைகள் 88 உள்ளனவா, அவை உண்மைப் பியானோபோல் விரலுக்குச் சற்றுக் கனம் காட்டுகின்றனவா என்று பாருங்கள். இலேசான 61 கட்டைக் கீபோர்டு தொடக்கத்துக்குத் தீங்கில்லை. ஈராண்டுக்குப் பின் அது விரலைச் சோம்பேறியாக்கும்.

ஆசிரியரைத் தேர்வதில்தான் பெற்றோர் மிகவும் விழித்திருத்தல் வேண்டும். கட்டைகளின்மேல் வண்ணத்தாள் ஒட்டி, மூன்றே வாரத்தில் திரைப்பாட்டு வாசிக்கச் செய்பவர் விருந்தினரை மகிழ்விப்பார். குழந்தைக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. நல்லாசிரியர் முதலில் நாற்காலியின் உயரத்தைப் பார்ப்பார். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வரவேண்டும். நகம் வெட்டச் சொல்வார். பெருவிரலுக்கு 1, சிறுவிரலுக்கு 5 என எண்ணிட்டு, எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்பதில் விட்டுக்கொடுக்கமாட்டார். ஒவ்வொரு கையையும் தனித்தனியே பழக்கிய பின்னரே சேர்ப்பார். சலிப்பூட்டும் வேலைதான். நாள்தோறும் இருபது நிமிடம் போதும். ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் என்பது வீண்.

இலண்டன் டிரினிட்டிக் கல்லூரியின் தேர்வுகளில் எட்டுப் படிகள் உண்டு. சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆண்டு முழுதும் தேர்வுக்குரிய மூன்றே உருப்படிகளைத் தேய்த்து, நான்காவது ஒன்றைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரியாத பிள்ளை எந்தப் படியில் தேறினால் என்ன? பள்ளித் தேர்வில் நாம் கண்டு வருந்தும் அதே நோய் இங்கும் நுழைய இடங்கொடுக்கலாகாது.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளையை வகுப்பில் விட்டுவிட்டு வாயிலில் காத்திருக்கும் தாய்மாரும், ஓய்வுபெற்ற அன்பரும் தாமும் கற்கலாமா எனத் தயங்குகின்றனர். 1943இல் பிறந்த இளையராஜா, 1960களின் இறுதியில் சென்னை வந்த பின்னரே தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையை முறையாகக் கற்றார். அவரைப்போல் ஆவோம் என்பதன்று. இருபத்தைந்து வயதுக்குமேல் குறியீடு படிக்கத் தொடங்குதல் இயலும் என்பதே செய்தி. வயது வந்தோர்க்கு அறிவு விரைந்து பற்றும், விரல் பின்தங்கும். இடக்கை வலக்கையைப் பின்பற்றியே ஓடும். அவ்விடத்தில் நாணி விட்டுவிடுவோரே மிகுதி. பிள்ளையும் தாயும் ஒரே பாடத்தை அடுத்தடுத்து வாசிக்கும் வீட்டில் அந்நாணம் விரைவில் நீங்கும். தாய் தடுமாறுவதைக் காணும் பிள்ளைக்குத் தன் தடுமாற்றம் பெரிதாகத் தோன்றாது.

நன்கு கற்பிப்போரை மாதம் இருமுறை சென்னையிலிருந்து இங்கு வரவழைக்கலாம். ஒரு குடும்பத்துக்கு அச்செலவு மிகை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் தாங்கும். விருப்பமுள்ளோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம்.