திரையும் மூலதனமும்: அடுத்த சில ஆண்டுகள்

(மும்பையில் தமிழ்த் தோழர்களுக்கான அரசியல் வகுப்பில் 2026 ஜனவரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திரைப்படத் தொழிலும் தொலைக்காட்சித் தொழிலும் இனி எத்திசையில் செல்லும் என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். எந்தப் படம் ஓடும், எந்த நட்சத்திரம் சரிவார் என்று சொல்வது கிளி சோதிடர் வேலை. அந்தத் தொழிலில் எனக்குப் பயிற்சி இல்லை. சொத்து யார் கையில் குவிகிறது, உழைப்பவரின் கையில் என்ன ஒப்பந்தம் இருக்கிறது, சட்டம் யார் பக்கம் சாய்கிறது என்ற மூன்றையும் கவனித்தால், அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளைப் பற்றி ஓரளவு துணிந்து பேசலாம். அந்த எல்லைக்குள் நின்றுகொள்கிறேன்.

சொத்திலிருந்து தொடங்குவோம். 2024 நவம்பர் 14 அன்று ரிலையன்சின் வயாகாம்18 நிறுவனமும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாயின. அன்று இக்கூட்டு நிறுவனத்தின் மதிப்பு 70,352 கோடி ரூபாய் எனக் கணிக்கப்பட்டது. டிஸ்னிக்கு 36.84 சதவீதப் பங்கு. எஞ்சியதும் கட்டுப்பாடும் ரிலையன்சிடம். நூற்றுக்கு மேற்பட்ட தொலைக்காட்சி அலைவரிசைகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. 2025 பிப்ரவரியில் ஜியோ சினிமாவும் ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோ ஹாட்ஸ்டார் ஆயின. இந்தியப் பெருமுதலாளியும் அமெரிக்க ஏகபோகமும் இங்கே மோதிக்கொள்ளவில்லை, பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்பதைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உள்நாட்டு மூலதனம் அந்நிய மூலதனத்தை எதிர்த்து நிற்கும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதன் விளைவைக் கிரிக்கெட்டில் காண்பது எளிது. 2022-இல் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 2023 முதல் 2027 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. இந்தியத் துணைக்கண்டத்துக்கான தொலைக்காட்சி உரிமையை டிஸ்னி ஸ்டார் எடுத்தது. டிஜிட்டல் உரிமையை வயாகாம்18 எடுத்தது. இருவரும் போட்டியிட்டதால்தான் விலை அவ்வளவு உயர்ந்தது. போட்டியின் ஒரு பகுதியாக 2023-இல் ஜியோ சினிமா ஆட்டங்களை இலவசமாகக் காட்டியது; நாமும் கைப்பேசியில் கண்டு மகிழ்ந்தோம். இன்று இரண்டு உரிமைகளும் ஒரே முதலாளியிடம் இருக்கின்றன. 2025-இல் அந்த இலவசம் சந்தாவுக்குள் போய்விட்டது. எதிராளி ஒழியும்வரை இலவசம், ஒழிந்தபின் கட்டணம் என்பது ஏகபோகத்தின் பழைய பாடம். ஆட்டம் வரும் அலைவரிசை, அதைச் சுமந்துவரும் கைப்பேசி இணைப்பு, இந்நகரின் பெயரைத் தாங்கி ஆடும் அணி ஆகிய அனைத்தும் ஒரே வீட்டுக்குச் சொந்தம். 2027 பருவத்துடன் உரிமை முடிந்து மறு ஏலம் வரும்போது விலை முன்போல ஏறாது என்பது என் கணிப்பு. ஆனால் விலை குறைவதன் பயன் பார்வையாளருக்கு வந்து சேராது.

கிரிக்கெட்டுக்கு நேர்ந்தது கதைக்கும் நேரும். ஒரு தொடரையோ படத்தையோ எடுத்துக்கொண்டு ஓர் எழுத்தாளரும் இயக்குநரும் ஏறி இறங்கக்கூடிய வாசல்கள் குறைகின்றன. சோனியும் ஜீயும் இணையவிருந்த திட்டம் 2024 ஜனவரியில் முறிந்தது. அதனால் அவை வலுப்பெற்றுவிடவில்லை. நெட்பிளிக்சும் அமேசானும் இருக்கின்றன. யூடியூப் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கடலாக இருக்கிறது. ஆகவே ஒரே ஒருவர் மட்டுமே எஞ்சுவார் என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு பேர் எஞ்சுவார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தயாரிப்புச் செலவைக் குறைப்பார்கள். அந்தக் குறைப்பு நட்சத்திரத்தின் ஊதியத்தில் தொடங்காது.

இங்கே மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிடுகிறேன். பல ஆண்டுகளாகக் கட்சி ஆவணங்களிலும் கலை இலக்கியக் கட்டுரைகளிலும் 'உருவமும் உள்ளடக்கமும்' என்று எழுதிவந்திருக்கிறேன். உள்ளடக்கம் என்றால் வாழ்க்கை, முரண்பாடு, படைப்பு எதைப் பற்றியது என்பது. இப்போது இந்த நிறுவனங்களின் அறிக்கைகளில் படம், தொடர், செய்தி, நகைச்சுவைத் துணுக்கு, ஆட்டம் எல்லாமே 'கன்டென்ட்'. அதையும் உள்ளடக்கம் என்றே மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. எழுதும்போதெல்லாம் பேனா தயங்குகிறது. அவர்களுடைய 'கன்டென்ட்' குழாயை நிரப்புகிற பொருள். குழாய்தான் அவர்களுக்குச் சொத்து.

தொலைக்காட்சி செத்துவிட்டது என்று ஆங்கில ஏடுகள் எழுதுகின்றன. உண்மை அவ்வளவு நேரானதன்று. கட்டணம் செலுத்தும் டிடிஎச் இணைப்புகள் 2020 இறுதியில் ஏறத்தாழ 7 கோடி இருந்தன. இன்று 6 கோடிக்கும் கீழே. ஆனால் மாதக் கட்டணமில்லாத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வட இந்தியக் கிராமங்களில் கோடிக்கணக்கான வீடுகளில் நிலைத்திருக்கிறது. ஏழை வீட்டில் இலவசத் தொலைக்காட்சி, நடுத்தர வீட்டில் சந்தா, இரண்டுக்கும் நடுவே நசுங்கும் தெருமுனைக் கேபிள்காரர். இதுவே வரவிருக்கும் காட்சி. வீடு வீடாக வயர் இழுத்து, சந்தா வசூலித்து வாழ்ந்தவர்களையும் அவர்களிடம் கூலிக்கு வேலை செய்த இளைஞர்களையும் பற்றி எந்தத் தொழில் அறிக்கையும் பேசுவதில்லை. தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் அவர்கள் உங்கள் அண்டை வீட்டார்.

திரையரங்கம் குறித்துச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2023-இல் பிவிஆரும் ஐநாக்சும் இணைந்து ஆயிரத்து எழுநூறு அளவிலான திரைகளைக் கொண்ட ஒரே நிறுவனமாயின. ஒற்றைத் திரையரங்குகள் மூடப்படுவது தொடரும். கடந்த செப்டம்பரில் 100 ரூபாய் வரையிலான சீட்டுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது நல்லதே. அந்த விலையில் சீட்டு கிடைக்கும் அரங்கு இந்த நகரில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, பலரும் கேட்கக் காத்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம்.

1988-இல் தூர்தர்ஷனில் பி.ஆர்.சோப்ராவின் மகாபாரதம் தொடங்கியது. போர்க்களம் வேண்டுமென்றால் ஆள் வேண்டும், குதிரை வேண்டும், தையற்காரர், ஒப்பனைக்காரர், சமையற்காரர் வேண்டும். 2025 அக்டோபரில் ஜியோ ஹாட்ஸ்டாரில் இன்னொரு மகாபாரதம் வந்தது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கப்பட்டது என்பதே அதன் விளம்பரம். அதன் தரத்தைக் கண்டு சிரித்தவர்கள் பலர். நாம் சிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். தரம் ஆண்டுதோறும் மாறும். படைவீரனாக நின்று நாட்கூலி வாங்கியவருக்கு அந்தக் களத்தில் இனி இடமில்லை என்பது மாறாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் 2013-ஆம் ஆண்டின் 'ராஞ்சணா' படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி' மீண்டும் திரைக்கு வந்தது. மூலப்படத்தில் இறந்துபோகும் நாயகன், செயற்கை நுண்ணறிவால் மாற்றப்பட்ட முடிவில் பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல்.ராயும் நடிகர் தனுஷும் கண்டித்தார்கள். உரிமை தங்களுடையது என்றது நிறுவனம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளரே, இயக்குநர் அல்லர். புகழ்பெற்ற இயக்குநரின் நிலையே இதுவென்றால், டப்பிங் அறையில் குரல் கொடுத்தவரின் நிலை என்ன? 2024-இல் வெளிவந்த ஒரு படத்தில் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை இந்தத் தொழில்நுட்பத்தால் மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, ஊதியமும் அளித்தார். முறையான செயல். (படத்தின் பெயர் 'லால் சலாம்' என்பது தோழர்களுக்கு நினைவிருக்கும்.) ஆனால் அது ஒருவரின் நேர்மையைப் பொறுத்தே நடந்தது. நேர்மையற்றவரைத் தடுக்கச் சட்டத்தில் என்ன இருக்கிறது? அனில் கபூர் 2023-இல் தில்லி உயர்நீதிமன்றம் சென்று தம் முகத்தையும் குரலையும் காத்துக்கொண்டார். அரிஜித் சிங் 2024-இல் இதே நகரின் உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றார். கோரேகாவ் ஃபிலிம் சிட்டியின் வாயிலில் விடியற்காலையில் காத்துநிற்கும் துணை நடிகைக்கு வழக்குரைஞர் இல்லை.

எல்லா வேலையிழப்பையும் எந்திரத்தின்மீது சுமத்திவிடவும் கூடாது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஏறத்தாழ 3,000 பேர் சில நாள்களில் வேலையிழந்தார்கள். 'முஃபாசா' படத்தின் சிங்கங்களை உருவாக்கிய குழுமம் அது. படம் வெளியாகி இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கதவை மூடியது செயற்கை நுண்ணறிவன்று. வெளிநாட்டுத் தலைமையகத்தின் கடன். கணினியின் முன் பன்னிரண்டு மணி நேரம் அமர்ந்து, சட்டகம் சட்டகமாகப் படத்தை வெட்டிச் சீராக்கும் இந்த இளைஞர்களில் பெரும்பாலோர்க்குச் சங்கம் இல்லை. தாங்கள் தொழிலாளர் என்ற எண்ணமும் பலருக்கு இல்லை. 'கலைஞர்' என்றே வேலை ஆணையில் அச்சிட்டுத் தருகிறார்கள். அடுத்த சில ஆண்டுகளில் எந்திரம் முதலில் தொடப்போவது இவர்களுடைய வேலையைத்தான்.

சென்ற மாதம் ஒன்றிய அரசின் தொழில்துறை ஊக்குவிப்புத் துறை ஒரு பணியறிக்கையை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் சட்டப்படி கிடைக்கும் எந்தப் படைப்பையும் தம் எந்திரத்தைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தலாம். படைப்பாளர் மறுக்க முடியாது. பதிலாக ஒரு பொது அமைப்பின் வழியே உரிமைத்தொகை தரப்படும் என்பது அதன் சாரம். தொகை தருவதை வரவேற்கலாம். மறுக்கும் உரிமையைப் பறிப்பதை ஏற்க இயலாது. அந்தத் தொகை உரிமையாளருக்குத்தான் போகும். நான் முன்பு சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள்: படத்தின் உரிமையாளர் யார்?

சட்டத்தின் மற்றொரு முனையும் இருக்கிறது. திரைத் தொழிலாளரை எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இன்றி வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1981-இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. அது பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது; மலையாளத் திரையுலகைப் பற்றிய ஹேமா குழு அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது தெரியும். (2019 இறுதியில் அளிக்கப்பட்ட அந்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. அத்தனை காலம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை என்றே நான் எண்ணுகிறேன்.) 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததும் அந்தத் தனிச்சட்டம் போயிற்று. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் என்ற விதி புதிய தொகுப்பில் எஞ்சியிருக்கிறது, டிஜிட்டல் தயாரிப்பும் அதனுள் வருகிறது. ஆனால் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்திருக்கிறது. சென்ற ஆகஸ்டில் தெலுங்குத் திரைத் தொழிலாளர்கள் 30 சதவீத ஊதிய உயர்வு கோரி இரண்டரை வாரங்களுக்கு மேல் படப்பிடிப்புகளை நிறுத்தி, குறைந்த கூலி பெறுவோர்க்கு மூன்று ஆண்டுகளில் 22.5 சதவீத உயர்வைப் பெற்றார்கள். இனி அத்தகைய போராட்டத்தின் முதல் நாளிலேயே 'சட்டவிரோதம்' என்ற முத்திரை ஆயத்தமாக இருக்கும்.

தணிக்கை குறித்துத் தனி வகுப்பே வேண்டும். இங்கே ஒன்றிரண்டு மட்டும். 2021-இல் திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. சிறு தயாரிப்பாளர் இப்போது உயர்நீதிமன்றம் ஏற வேண்டும். 2025 மார்ச்சில் 'எம்புரான்' தணிக்கைச் சான்று பெற்று வெளியான பிறகும், சங் பரிவாரத்தின் கூச்சலால் தயாரிப்பாளர்களே காட்சிகளை வெட்டிக்கொண்டார்கள். சென்ற மாதம் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் 19 படங்களுக்கு ஒன்றிய அரசு முதலில் அனுமதி மறுத்தது. நூறாண்டு கண்ட 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' அவற்றுள் ஒன்று. எதிர்ப்பு எழுந்தபின் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி கிடைத்தது. இனி வெளியே நின்று வெட்டுபவரின் தேவையே குறையும். மூன்று நான்கு நிறுவனங்கள்தாம் படத்தை வாங்குகின்றன என்றால், அவற்றின் சட்டப் பிரிவில் அமர்ந்திருப்பவர் திரைக்கதையிலேயே வெட்டிவிடுவார். வெளிவராத படத்துக்காக யார் போராடுவது?

மாற்று இல்லையா என்று கேட்பீர்கள். கேரளத்தின் இடது முன்னணி அரசு 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்ற பொதுத்துறைத் தளத்தைத் தொடங்கியது. 75 ரூபாய் கட்டி ஒரு படம் பார்க்கலாம். வருவாயில் தயாரிப்பாளருக்குப் பங்கு உண்டு. அது பெரிய சந்தையை அசைத்துவிட்டது என்று சொன்னால் மிகையாகும். ஒரு மாநிலத்தின் நிதி வலுவால் அம்பானியுடன் போட்டியிட இயலாது. ஆனால் பெருந்தளங்கள் கதவடைத்த படத்துக்கு ஒரு திண்ணையாவது வேண்டும்; அந்த அளவில் அதன் தேவை பெரிது.

போராடிப் பெற்றதற்கு எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. 2023-இல் எழுத்தாளர்கள் 148 நாள்களும் நடிகர்கள் 118 நாள்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகரின் எண்ணிம நகலை உருவாக்க இசைவும் ஊதியமும் வேண்டும் என்றும், எந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்புக்கு இணையாக வைக்கக்கூடாது என்றும் ஒப்பந்தத்தில் எழுதவைத்தார்கள். அந்த ஒப்பந்தங்கள் வரும் மே 1 அன்றும் ஜூன் 30 அன்றும் முடிகின்றன. அங்கே நடக்கும் பேச்சுவார்த்தையை நாம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். அங்கே விட்டுக்கொடுக்கப்படும் ஒவ்வொரு வரியும் இங்கே முன்மாதிரியாகக் காட்டப்படும்.

நாம் உடனே செய்யக்கூடிய ஒரு வேலையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் குறிப்பிட்ட பணியறிக்கையின் முக்கியப் பகுதிகளை இரண்டு பக்கங்களில் தமிழாக்கித் தருகிறேன். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வந்து சேரும். டப்பிங் கூடங்களிலும் தொடர் படப்பிடிப்புகளிலும் பணியாற்றும் தோழர்கள், தங்களிடம் கையொப்பம் வாங்கிய தாள்களின் படியைக் கொண்டுவாருங்கள். 'இப்போதுள்ள, இனி வரவிருக்கும் எல்லா ஊடகங்களிலும்' என்பது போன்ற வரி எங்கே இருக்கிறது என்று சேர்ந்து தேடுவோம். தாள் எதிலுமே கையொப்பமிடவில்லை என்றால், அதையும் வந்து சொல்லுங்கள்.