வரிசை வேலையும் ஆட்களின் ஒழுங்கும்

சங்க அங்கத்தினர்களே! கோடம்பாக்கம் பவர் ஹவுஸிலிருந்து பூவிருந்தவல்லி வரை மெட்ரோ இரயிலுக்காக ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக எழுப்பப்பட்டிருப்பதைக் காணலாம். இத்தகைய வேலையில் ஒரு கோஷ்டி முன்னே நகர, அடுத்தது பின்தொடர வேண்டும்.

சங்கம் பத்து வீடுகள் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு ஒவ்வொன்றுக்கும் வீட்டிற்கு மூன்று நாட்கள். வீடு வீடாக முடித்தால் 120 நாட்களாகும். நான்கு கோஷ்டிகளும் தொடர்ந்து நகர்ந்தால் 39 நாட்களே. கூரை இறுகும் நாட்களும் ஒரு முறையே கூடும்.

சுவருக்கு மட்டும் ஆறு நாட்கள் பிடித்தால், 39 என்பது 69 ஆகும். பின்வருவோர் காத்திருக்க, கூலியும் கடன் வட்டியும் சங்கத்தைச் சாரும். மற்றவர்களை விரட்டுவதாற் பயனில்லை. சுவருக்கு இன்னொரு கோஷ்டியை நியமித்தால் 42 நாட்களில் முடியும். ஆதலால், தாமதிக்கும் இடமறிந்து ஆள் சேர்ப்பீர்களாக!