வெள்ளம் வருமுன் அணை கோலுவோம்

(கட்டைபறிச்சான் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக் கொட்டியாரக்குடாவின் கரைகளைச் சூறையாடியதை நாம் மறந்தோமில்லை. அலை வந்தால் எங்கே ஓடுவதென்று அன்று முதல் ஓரளவு கற்றுள்ளோம். ஆயின் நீரோடு வந்து, நீர் வடிந்தபின்னும் நிற்கும் நஞ்சைப் பற்றி நமக்கு யார் கூறினர்?

குடாவின் அக்கரையை நோக்குங்கள். சீனன்குடாவில் வெள்ளையர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் ஏறத்தாழ நூறு. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானத் தாக்குதலின்போது அவற்றுள் ஒன்று தீக்கிரையானது. 2022 சனவரி உடன்படிக்கை, பாழ்பட்டுக் கிடந்த பல குதங்களை மீண்டும் பயன்படுத்த வழிவகுத்தது. வணிகம் வளரட்டும், நாம் தடையல்லோம். ஆனால் குடாவில் எண்ணெய் பரவினால் நம் தோணியும் வலையும் என்னாகும் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. பிளாத்திக்கு மணிகள் கரையெங்கும் ஒதுங்கின; மீனவர் தொழில் முடங்கியது. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு விதித்தது. நல்ல தீர்ப்பே. ஆயினும் நான்காண்டு கழித்து வரும் தீர்ப்பு அன்றைய அடுப்பை எரிக்குமா?

சட்டம் இல்லாமலில்லை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், வெள்ளத்தோடும் சூறாவளியோடும் இரசாயன விபத்தையும் எண்ணெய்க் கசிவையும் அனர்த்தமென்றே பெயர் சொல்லிக் குறிக்கின்றது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. சட்டம் ஏற்றுக்கொண்ட பொறுப்பை நிறைவேற்றுமாறே கேட்கின்றோம்.

எங்கே, என்ன நஞ்சு, எவ்வளவு உண்டு என்னும் பட்டியல் தமிழில் பிரதேச செயலகத்திலும் கிராம உத்தியோகத்தரிடமும் இருத்தல் வேண்டும். நள்ளிரவாயினும் நமக்கு அறிவிக்க ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். காற்று எத்திசை வீசினால் எப்பாதையால் வெளியேறுவதென முன்னரே வகுத்து, ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துதல் வேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. வயலுக்கு வாங்கிய கிருமிநாசினி வெள்ளத்தில் நம் கிணற்றிலேயே கலக்கும். அதை உயரத்தில் வைத்துப் பூட்டுவோம். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; கிருமிநாசினி அகலாது. ஆதலால் பரிசோதிக்குமுன் வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் குடியோம். கரையொதுங்கும் பீப்பாயைத் தொடோம். 117 க்கு அறிவிப்போம்.

அரசு வரும்வரை முதல் மணி நேரம் நம் கையில்தான் இருக்கின்றது. அந்த ஒரு மணி நேரத்துக்கு இன்றே ஆயத்தமாவோம்!